பளிங்கு மேசையும் உயிருள்ள வாத்தும்

ஆய்வு மாணவர்களுக்கென ஒரு வட்டத்தைத் தொடங்குவது கடினமன்று. மூன்றாம் மாதத்தில் நாற்காலிகள் காலியாகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. நாம் கூட்டிவந்த வட்டமொன்றும் அண்மையில் அவ்வாறே ஓய்ந்தது. நாளை மாற்றிப் பார்த்தோம், தேநீரோடு வடையும் சேர்த்தோம். வந்த சிலரும் வடைக்கே வந்தனர். அந்தச் சோர்வில்தான் ல்வூஃப் நகரத்துக் கணித அறிஞர்களின் நினைவு வந்தது. தமிழ் பயின்ற நமக்கு அவர்தம் கணிதம் எட்டாது. அவர்கள் கூடியிருந்த முறை எட்டும்.

இன்று உக்ரைனில் லிவிவ் என வழங்கும் அந்நகரம் இரு உலகப் போர்களுக்கிடையில் போலந்துக்கு உரியதாயிருந்தது. அங்கு 'ஸ்காட்டிஷ் காஃபே' என்றொரு காப்பிக்கடை. ஸ்டெஃபான் பனாக், மஸூர், உலாம் முதலியோர் அங்கமர்ந்து பளிங்கு மேசைமீதே பென்சிலால் கணக்கெழுதி விவாதித்தனர். ஒருமுறை அமர்வு 17 மணி நேரம் நீண்டதென உலாம் நினைவுகூர்ந்திருக்கிறார். மேசையைத் துடைத்ததும் எல்லாம் அழிந்துபோகும். இதைக் கண்ட பனாக்கின் மனைவி 1935இல் தடித்த நோட்டு ஒன்றை வாங்கித் தந்தார். (வரலாற்றில் இத்தகைய மனைவியர் ஒரு வரியில் வந்து மறைவது வழக்கம்.)

நோட்டு கடையிலேயே இருக்கும்; கேட்டால் எடுத்துத் தருவார்கள். அதில் எழுதப்பட்டவை பெரும்பாலும் விடை காணாத கேள்விகள். மூத்தவர் உரையாற்ற இளையவர் குறிப்பெடுக்கும் ஏற்பாடு அங்கில்லை. 1933இல்தான் முனைவர் பட்டம் பெற்ற உலாம் அந்நோட்டில் மிகுதியாகக் கேள்வி எழுதியோருள் ஒருவர். தமக்குத் தெரியாததைத் தம் பெயரிட்டு எழுதிவைக்கப் பேராசிரியர்களும் கூசவில்லை என்பதே நம்மை வியக்கவைக்கிறது. சில கேள்விகளுக்குப் பரிசும் உண்டு: ஒரு குவளை பீர், ஒரு புட்டி ஒயின். 1936இல் தாம் எழுதிய 153ஆம் கேள்விக்கு மஸூர் அறிவித்த பரிசு, உயிருள்ள வாத்து.

1941 மே மாதத்தோடு நோட்டு நின்றது. நகரைக் கைப்பற்றிய நாஜிகள் ஜூலையில் பேராசிரியர்கள் பலரைச் சுட்டுக் கொன்றனர். லோம்னிட்ஸ்கி, ஸ்தோஷெக் என்னும் கணிதப் பேராசிரியர்களும் அவர்களுள் அடக்கம். ஷௌதர் 1943இல் கொல்லப்பட்டார். டைஃபஸ் தடுப்பூசி ஆய்வகத்தில் பேன்களுக்குத் தம் குருதியை உணவாகக் கொடுத்து உயிர்தப்பிய பனாக், போர் முடிந்த 1945லேயே புற்றுநோயால் இறந்தார். நகரம் சோவியத் வசமானது. போலந்து மக்கள் மேற்கே பெயர்ந்தனர்.

எஞ்சியவர்களுள் ஒருவர் ஹூகோ ஷ்டைன்ஹவுஸ். யூதரான அவர் போர்க்காலத்தை மறைந்து வாழ்ந்து கழித்தவர். அதுவரை ஜெர்மானிய நகராயிருந்த வ்ரோத்ஸ்வாஃபுக்கு வந்து, இடிபாடுகளுக்கிடையில் 'புதிய ஸ்காட்டிஷ் புத்தக'த்தைத் திறந்தார். பழைய கடை இல்லை, பழைய முகங்களுள் பல இல்லை. நினைவஞ்சலி நடத்த எல்லாக் காரணமும் இருந்தது. அவர் கேள்வி எழுதச் சொன்னார். 1958 வரை அந்நோட்டில் எழுதினர். பனாக்கும் அவரும் 1929இல் தொடங்கி, போரில் நின்றுபோன 'ஸ்டூடியா மாத்தமாட்டிகா' இதழும் 1948இல் மீண்டும் வரலாயிற்று. ஆயினும் ல்வூஃபின் அந்த இரவுகள் திரும்பின என்று சொல்ல நமக்குத் துணிவில்லை. கொல்லப்பட்டவர்கள் எழுதியிருக்கக்கூடிய கேள்விகளை வேறெவரும் எழுத முடியாது.

பழைய நோட்டும் அழியவில்லை. அமெரிக்காவிலிருந்த உலாமுக்கு ஷ்டைன்ஹவுஸ் அதன் படியை அனுப்ப, அவர் ஆங்கிலத்தில் பெயர்த்துப் பரப்பினார். 1972இல் 153ஆம் கேள்விக்கு விடை கண்டவர் பெர் என்ஃப்ளோ என்னும் ஸ்வீடன் நாட்டு இளைஞர். அக்கேள்வி எழுதப்பட்டபோது அவர் பிறந்திருக்கவில்லை. வார்சாவில் மஸூர் தம் கையாலேயே அவருக்கு வாத்தைக் கொடுத்தார்.

நாமும் ஒரு நோட்டு வாங்கி வட்டத்தின் மேசையில் வைத்திருக்கிறோம். எட்டுத்தொகையைத் தொகுத்தவர்கள் எவ்வகைப் பாடல்களை விட்டுவிட்டார்கள் என்பது முதற்கேள்வி. நமக்கு விடை தெரியாது. இரண்டு வாரமாக அதன்கீழ் ஒருவரும் எதுவும் எழுதவில்லை. வாத்துக்கு ஈடாக எதை அறிவிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம்.