நாகநதியில் நாம் இறக்கிய உறைகள்

கூட்டமைப்பு மலருக்கு நம் பகுதியின் வரலாற்றை எழுதித் தரச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த வரலாறு நாகநதியோடதுதான்.

ஜவ்வாது மலையில் இருந்து இறங்கி, நம் கணியம்பாடி வட்டாரம் வழியா வரும் ஆறு இது. நான் கல்யாணமாகி வந்த புதுசுல மணலைக் கையால் பறிச்சாலே ஊத்துத் தண்ணி வரும். அப்புறம் பதினைந்து வருஷத்துக்கு மேல ஆறு காய்ஞ்சு, முள்ளு முளைச்சுக் கிடந்தது. மழை பெய்தால் ரெண்டு நாள் வெள்ளம் போகும், அவ்வளவுதான். ஆம்பளைங்க நிலத்தை விட்டு வெளியூர் கூலிக்குப் போனார்கள்.

நானும் குழுவில் கடன் வாங்கி போர் போட்டேன். புழுதிதான் வந்தது. இருபத்து நாலு தவணையும் கட்டி முடிச்சேன்; ஒரு குடம் தண்ணி எடுக்கல. இப்படிக் கடன் கட்டியவங்க நம்மில் எத்தனையோ பேர்.

2014-ல் வாழும் கலை அமைப்பு நாகநதியை மீட்கும் முயற்சியைத் தொடங்கியது. 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்போது நடந்த நூறு நாள் வேலையோடு அது சேர்ந்தது. வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தான். "ஆத்துக்குள்ள கிணறு வெட்டணும்" என்றதும் சிரிச்சோம். "தண்ணியே இல்லாத ஆத்துல கிணறு வெட்டி யாருக்குடி ஊத்தப் போறீங்க?" என்று என் மாமியார் கேட்டாங்க.

அது தண்ணீர் எடுக்கும் கிணறு இல்லை, தண்ணீரைப் பூமிக்குள் இறக்கும் கிணறு. மேல் மண் இறுகிப் போனால் மழைநீர் கீழே இறங்காமல் ஓடிவிடும். அதைத் தாண்டிக் குழி வெட்டி சிமெண்ட் உறை இறக்கினால், ஓடுகிற நீர் நிலத்தடிக்குப் போகும். மலைச்சரிவு ஓடைகளில் குறுக்கே கல் அடுக்கினால் வெள்ளத்தின் வேகம் குறையும், மண்ணும் அரிக்காது.

இதைப் புரிஞ்சுக்கிட்ட பிறகு கடப்பாரை எடுத்தோம். ஒருத்தி வெட்ட, ஒருத்தி மண் அள்ள, மற்றவங்க வரிசையா நின்று பாண்டு மாத்தினோம். உறையை இறக்கும்போது நெஞ்சு படபடக்கும். ஊர் ஊராகச் சுமார் 20,000 பெண்கள் இந்த வேலையில் உழைத்தார்கள். 2021 செப்டம்பரில் பிரதமர் தன் வானொலி உரையில் நாகநதியைப் பற்றிப் பேசினார்.

எனக்கு அதைவிடப் பெரிசு, எங்க பழைய கிணற்றில் தண்ணி ஏறிய நாள்தான். மாமியார் ஒண்ணும் பேசல. வாளியை இறக்கி, ஒரு சொம்பு மொண்டு என் கையில கொடுத்தாங்க.

சகோதரிகளே, வேலை முடியலை. வண்டல் அடைச்சா உறை கண்ணு மூடிக்கும். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒவ்வொரு குழுவும் தன் ஊர் உறைகளைப் போய்ப் பார்க்கணும், தூர் எடுக்கணும். மாதாந்திரக் கூட்டத்தில் சேமிப்புக் கணக்கு வாசிக்கிற மாதிரி, அந்தக் கணக்கையும் வாசிப்போம்.