நார்தம்பர்லாந்து ஏர்ல் பட்டம்

நார்தம்பர்லாந்து ஏர்ல் பட்டம், ஸ்காட்லாந்தை ஒட்டிய இங்கிலாந்தின் வட எல்லையில் ஆல்னிக் கோட்டையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த பெர்சி குடும்பத்திற்குரிய பிரபுப் பட்டமாகும். இரண்டாம் ரிச்சர்டு முடிசூடிய 1377 ஜூலை 16 அன்று ஹென்றி பெர்சி இதனைப் பெற்றார். டியூக் பட்டத்திற்குக் கீழ்ப்பட்டதான ஏர்ல் பட்டம் தந்தைக்குப்பின் மூத்த மகனைச் சேர்வது மரபு. ஆயினும், அக்காலத்தில் அரசத் துரோகம் மெய்ப்பிக்கப்பட்டால் அவ்வுரிமை அறுபட்டது.

1399இல் ரிச்சர்டை வீழ்த்தி நான்காம் ஹென்றியை அரியணையேற்ற உதவிய அதே பெர்சி குடும்பமே பின்னர் அவரை எதிர்த்துக் கிளர்ந்தது. ஏர்லின் மகன் ஹாட்ஸ்பர் 1403இல் ஷ்ரூஸ்பரி போரில் மாண்டார். மன்னிப்புப் பெற்ற தந்தையோ 1405இல் மீண்டும் கலகம் செய்து ஸ்காட்லாந்துக்குத் தப்பியோட, மறு ஆண்டு நாடாளுமன்றம் அவரைத் துரோகி எனத் தீர்த்துப் பட்டத்தையும் நிலங்களையும் பறித்தது. 1408இல் பிராம்ஹம் மூர் என்னுமிடத்தில் அவர் போரிட்டு மடிந்தார். ஹாட்ஸ்பரின் மகன் ஸ்காட்லாந்தில் வளர்ந்தார். எல்லையைக் காக்கப் பெர்சிகளின் செல்வாக்குத் தேவைப்பட்டமையால், ஐந்தாம் ஹென்றி 1416இல் அவருக்கே பட்டத்தை அளித்தார்.

லங்காஸ்டர், யார்க் குலங்கள் அரியணைக்காக மோதிய ரோஜாப் போர்களில் லங்காஸ்டர் தரப்பில் நின்ற இந்த இரண்டாம் ஏர்ல் 1455இல் செயின்ட் ஆல்பன்ஸிலும், அவர் மகனான மூன்றாம் ஏர்ல் 1461 மார்ச் 29 அன்று டவ்ட்டனிலும் கொல்லப்பட்டனர். வென்ற யார்க் குலத்து நான்காம் எட்வர்டு, இறந்துபோன ஏர்ல்மீது அட்டெய்ண்டர் சட்டம் பிறப்பிக்கச் செய்தார். நீதிமன்ற விசாரணை இன்றியே நாடாளுமன்றம் ஒருவரைத் துரோகி என அறிவித்த அக்கால முறையே அட்டெய்ண்டர். அதனால் அவருடைய உடைமை அரசைச் சேர்ந்ததோடு, குருதியே கெட்டதாகக் கருதப்பட்டு, அவர் வழியாக எவரும் எதையும் மரபுரிமையாகப் பெற முடியாமற்போயிற்று. ஏர்லின் இளம் மகன் ஹென்றி சிறைப்பட, 1464இல் பட்டம் எட்வர்டின் ஆதரவாளரான ஜான் நெவிலுக்குப் போயிற்று.

நெவில் குலத்தின் பெருவளர்ச்சி எட்வர்டுக்கே அச்சுறுத்தலானபோது நிலைமை மாறியது. அவர் 1469இல் இளைஞர் பெர்சியிடம் விசுவாச உறுதி வாங்கி விடுவித்து, 1470 மார்ச்சில் பட்டத்தைத் திருப்பித் தந்தார்; நெவிலுக்கு மான்டெகு மார்க்குவிஸ் என்னும் மேலான பட்டம் கிடைத்தும், அதற்கேற்ற நிலவருவாய் கிடைக்காததால் அவர் மனங்கசந்து எதிரணி சேர்ந்தார்.

இதனால் அரியணையிழந்து நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்த எட்வர்டு 1471இல் சிறுபடையுடன் வடக்கே கரையிறங்கினார். டவ்ட்டனில் உற்றாரை இழந்த வடபுலத்தார் அவருக்காக ஆயுதம் ஏந்தும் மனநிலையில் இல்லை. அவர்களை எதிர்த்தெழவும் விடாமல் பெர்சி வாளாவிருந்ததே அரசருக்குக் கிட்டிய பேருதவியாகும். ஏப்ரல் 14 அன்று பார்னெட் போரில் மான்டெகு வீழ்ந்தார். பெர்சியின் தந்தைமீதான அட்டெய்ண்டரை நாடாளுமன்றம் முறைப்படி நீக்கியது 1473இல்தான்; அதற்குள் மகன் மூன்றாண்டுகளாக ஏர்ல் பட்டத்தை வகித்து வந்திருந்தார்.