கோபுரத்திலிருந்து கண்ட வரலாறு

ஆவணங்களைத் துருவி ஆராய்ந்து அறிஞர்களுக்காக எழுதப்படும் வரலாறு ஒரு வகை. அவ்வாய்வின் பயனைக் கதைபோலக் கோத்துப் பொதுவாசகர்க்கு வழங்கும் வெகுசன வரலாறு மற்றொரு வகை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவில் இவ்விரண்டாம் வகைக்குப் பெரும் வாசகர் கூட்டத்தைத் தேடித்தந்தவர்களுள் ஒருவரான ஹென்ட்ரிக் வில்லெம் வான் லூனுக்கு ஆங்கிலம் தாய்மொழியன்று. நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுக நகரில் 1882இல் பிறந்த அவர், 1902இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, அசோசியேட்டட் பிரஸ் நிருபராக 1905ஆம் ஆண்டின் ரஷ்யப் புரட்சிக்காலச் செய்திகளை எழுதினார். பின்னர் மியூனிக் பல்கலைக்கழகத்தில் 1911இல் முனைவர் பட்டம் பெற்றார்.

எழுத்தும் படமும் அவருடையனவாகவே 1921இல் வெளிவந்த ‘மனிதகுலத்தின் கதை’ அவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தது. சிறந்த அமெரிக்கச் சிறுவர் நூலுக்கென அமெரிக்க நூலகச் சங்கம் ஏற்படுத்திய நியூபெரி பதக்கம் 1922இல் முதன்முறையாக வழங்கப்பட்டபோது, பதிவான 212 வாக்குகளுள் 163 வாக்குகளைப் பெற்று அந்நூலே அதனை வென்றது. சிறுவயதில் தம் மாமாவுடன் ராட்டர்டாமின் புனித லாரன்ஸ் தேவாலயக் கோபுரத்தில் ஏறியதையும், இருண்ட படிகளையும் பெருங்கடிகாரத்தையும் கடந்து உச்சிக்குச் சென்றபின் கீழே நகரம் முழுவதும் விரிந்து கிடந்ததையும் முன்னுரையில் விவரிக்கும் வான் லூன், வரலாற்றையும் அத்தகைய கோபுரமாகவே காண்கிறார்.

அவருடைய மைக்கோட்டுப் படங்கள் நுணுக்கம் தேடியவை அல்ல. கப்பல்களையும் கடல்வழிகளையும் மலைகளையும் சில கோடுகளில் காட்டி, சொல்லால் நீளும் விளக்கத்தைச் சுருக்குவனவாகும். சொல்லையே படமாக்கும் ஆற்றலும் அவரிடம் இருந்தது. 1932இல் வெளிவந்த புவியியல் நூலின் தொடக்கத்தில், அன்றைய மக்கள்தொகையான 200 கோடிப் பேரையும் ஒருங்கே அடைத்தால் ஒவ்வொரு பக்கமும் அரை மைல் அளவுள்ள ஒரு பெட்டியே போதும் என்று கணக்கிட்டு, அப்பெட்டியை அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் விளிம்பில் வைத்து, ஒரு குட்டைக்கால் நாயின் மூக்கு தள்ளினாலே அது உருண்டுபோகும் என்று காட்டுகிறார். மனித ஆணவத்தின் அளவை வாசகன் மனத்தில் பதிக்க அவருக்கு வேறு வாதம் தேவைப்படவில்லை.

எனினும் இம்முறைக்குக் குறைபாடும் உண்டு. மனித வரலாற்றின் போக்கை மாற்றிய புதிய கருத்தையோ செயலையோ தந்தவர்களுக்கே இடம் என்று விதி வகுத்துக்கொண்ட அவர், ஐரோப்பாவுக்குப் பல அத்தியாயங்களை ஒதுக்கி, புத்தரையும் கன்ஃபூசியஸையும் ஒரே அத்தியாயத்தில் அடக்கினார். உலகம் முழுவதையும் காண விரும்பியவரின் பார்வையும் தாம் ஏறிய கோபுரம் நின்ற திசைக்கே சாய்ந்தது.

ஹிட்லரின் நூலுக்கு மறுப்பாக 1938இல் ‘நமது போராட்டம்’ என்னும் நூலை வெளியிட்ட அவர், போர்க்காலத்தில் அமெரிக்காவிலிருந்து சிற்றலை வானொலி வழியாகத் தாய்நாட்டு மக்களுக்கு டச்சு மொழியில் உரையாற்றினார். 1940 மே 14 அன்று ஜெர்மானிய விமானங்கள் குண்டுவீசியதில் லாரன்ஸ் தேவாலயம் எரிந்து சிதைந்தபோதும் அதன் கோபுரம் வீழவில்லை. 1944 மார்ச்சில் மறைந்த வான் லூன், அடுத்த ஆண்டு நெதர்லாந்து முழுமையாக விடுதலை பெற்றதைக் காணவில்லை. அவர் விட்டுச்சென்ற மனிதகுலக் கதையின் பிற்கால அத்தியாயங்களைப் பிறர் எழுதிச் சேர்த்தனர்.