மேசைக் கணினி

மேசைக் கணினி (டெஸ்க்டாப்): திரை, விசைப்பலகை, மவுஸ், சிபியு பெட்டி ஆகியவை பெரும்பாலும் தனித்தனியாக அமைந்து, ஓரிடத்தில் நிலையாக வைத்துப் பயன்படுத்தப்படும் கணினி. 1977-இல் வந்த ஆப்பிள் II போன்றவை இதை வீடுகளுக்குக் கொண்டுசென்றன. 1981 ஆகஸ்டில் வெளியான ஐபிஎம் பிசி அலுவலக மேசைகளில் நிலைநிறுத்தியது. 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள இன்டெல் 8088 சில்லும், அடிப்படை மாடலில் 16 கிலோபைட் நினைவகமும் கொண்ட அந்தப் பெட்டியின் திறன் இன்றைய அளவுகோலில் மிகச் சிறியது. அதை வாழவைத்தது அதன் திறந்த அமைப்பு. சுற்று வரைபடங்களையும் பயாஸ் நிரலையும் தொழில்நுட்பக் கையேட்டிலேயே ஐபிஎம் அச்சிட்டது. மூடியைக் கழற்றினால் ஐந்து ஸ்லாட்கள் தெரியும். அவற்றில் பொருந்தும் கார்டுகளை எந்த நிறுவனமும் செய்து விற்கலாம். அடுத்த ஆண்டே அதனுடன் ஒத்தியங்கும் பிற நிறுவனக் கணினிகள் வந்தன. போட்டி பெருகப் பெருக விலையும் இறங்கியது.

மேசைக் கணினியின் சரிவைத் தொடங்கிவைத்தது கைபேசி என்று சொல்வதற்கில்லை. 2008-இன் மூன்றாம் காலாண்டிலேயே உலக விற்பனையில் மடிக்கணினி அதை முந்திவிட்டது. 2007-இல் ஐபோனும் 2008-இல் முதல் ஆண்ட்ராய்டு கைபேசியும் வந்தபின் மடிக்கணினியையும் சேர்த்த மொத்தச் சந்தையே ஆட்டம் கண்டது: 2011-இல் 36 கோடியைத் தாண்டிய ஆண்டு விற்பனை, பிறகு இறங்குமுகமானது. இணையப் பயன்பாட்டை அளக்கும் ஸ்டாட்கவுன்ட்டர் நிறுவனத்தின் கணக்கின்படி, 2016 அக்டோபரில் கைபேசி, டேப்லெட் வழியான இணையப் பயன்பாடு 51.3 விழுக்காட்டை எட்டி, உலக அளவில் முதன்முறையாகக் கணினியை விஞ்சியது. இந்தியாவில் அதற்கு முந்தைய மாதம்தான் ஜியோ 4ஜி அறிமுகமாகி, டேட்டா விலை சரிந்தது. பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு எனக் காசு கொடுத்து உட்கார்ந்த காலம் முடிந்து, கணினியையே தொடாத கோடிக்கணக்கானோர் இணையத்துக்குள் வந்தனர்.

ஆயினும் இந்த எண்களைக் காட்டி மேசைக் கணினியின் காலம் முடிந்தது என்பது பிழை. இணையத்தின் வாயில் என்ற இடத்தை அது இழந்தது. ஒன்றை உருவாக்கும் கருவி என்ற இடம் இன்னும் அதனிடமே உள்ளது. ஐபோன் செயலிகளை எழுத உதவும் எக்ஸ்கோடு மேக் கணினிகளில்தான் இயங்குகிறது. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவும் கணினிக்கானதே. கைபேசிச் சில்லுகள் இன்று போதிய வேகம் பெற்றுவிட்டன, காணொளித் தொகுப்பும் அவற்றிலேயே நடக்கிறது என்ற மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட எக்செல் கோப்பையோ கட்டட வரைபடத்தையோ அருகருகே வைத்து ஒப்பிட, உள்ளங்கை அகலத் திரை இடம் தராது. 2020-இல் வீட்டிலிருந்து வேலையும் படிப்பும் நடந்தபோது கணினி விற்பனை மீண்டும் எழுந்தது இதனால்தான். 2022-இல் அது சரிந்ததே என்று கேட்கலாம். ஒருமுறை வாங்கிய கணினி பல ஆண்டு உழைக்கும் என்பதால், விற்பனைக் குறைவைப் பயன்பாட்டுக் குறைவாகக் கொள்ள முடியாது. மடிக்கணினியே இவ்வேலைகளைச் செய்யும் என்பதும் உண்மை. ஆனால் ரேம், ஹார்ட் டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு என ஒவ்வொன்றாக மாற்றி ஆயுளை நீட்டிக்கும் வசதி, 1981-இன் பெட்டியைப் போலவே, மேசைக் கணினியில்தான் முழுமையாக உண்டு. எனவே கவலைக்குரியது விற்பனைச் சரிவைவிட, கைபேசி மட்டுமே வாய்த்த மாணவருக்கு ஆக்கும் கருவி எட்டாமல் போவது. தமிழ்நாடு அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் ஈடுசெய்ய முனைந்தது இந்தக் குறையைத்தான்.