ஐந்தரை அறிவுள்ள துப்பறிவாளன்



லண்டனில் பாடிங்டன் ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் கிரேவன் சாலை இருக்கிறது. விடுதிகளும் சிறு உணவகங்களும் உள்ள சாதாரணத் தெரு. அங்கே 7ஆம் எண் வாசலைத் தேடி இத்தாலிய வாசகர்கள் வருவதுண்டு. போன மாதம் நானும் போய் நின்றேன். அந்த முகவரியில்தான் டைலன் டாக் என்ற காமிக்ஸ் நாயகன் வசிக்கிறான்.

1986இல் மிலானின் செர்ஜியோ போனெல்லி பதிப்பகம் வெளியிட்ட தொடர் அது. எழுதியவர் திட்சியானோ ஸ்க்லாவி. டைலன் ஸ்காட்லாந்து யார்டில் வேலை பார்த்து விலகியவன். தன்னைக் கொடுங்கனவுகளின் துப்பறிவாளன் என்று சொல்லிக்கொள்வான். முகம் ஆங்கில நடிகர் ரூபர்ட் எவரெட்டின் முகம். பெயர் கவிஞர் டைலன் தாமஸிடமிருந்து வந்தது. அவன் வீட்டு அழைப்புமணி அழுத்தினால் அலறும். அவனுக்கு இருப்பதாகச் சொல்லப்படுவது ‘ஐந்தரைப் புலன்’. தொல்காப்பியம் மனிதனுக்கு ஆறு அறிவு என்கிறது, ஆறாவது மனம். அந்தக் கணக்கில் டைலன் நம்மைவிட அரை அறிவு குறைந்தவன்! அந்தக் குறையில்தான் பேய்கள் நுழைகின்றன போலும்.

எங்கோ இருப்பவர்கள் காகிதத்தில் கட்டிய லண்டன் எனக்குப் புதிதல்ல. மதுரையில் பழைய புத்தகக் கடையில் நான் வாங்கிய முதல் காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’. 1962இல் லண்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் தொடங்கிய அந்தக் கதை, 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தது. டைலனும் அதே சிவகாசி வழியாக, 2010களில் தமிழ் பேசினான். அதற்குள் நான் இங்கே குடியேறிவிட்டேன்.

பேயைத் துப்பறிகிறவன் ஏன் லண்டனில் இருக்க வேண்டும்? ஷெர்லாக் ஹோம்ஸ் விட்டுவைத்த இடம் அது என்று நினைக்கிறேன். ஆர்தர் கானன் டாயில் ஆவிகளை முழுமையாக நம்பியவர். 1916இலேயே அதை வெளிப்படையாக அறிவித்தார். மகன் கிங்ஸ்லி இறந்த துயரத்தில் நம்பத் தொடங்கினார் என்பது தவறு, அந்த மரணம் 1918இல். 1925இல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்கு அருகே ஆவியுலக நூல்களுக்கென்றே ஒரு கடை திறந்தார். 1930இல் அவர் இறந்தபோது ஆல்பர்ட் ஹாலில் ஆயிரக்கணக்கானோர் கூடிய நினைவுக் கூட்டத்தில் அவருக்கென்று ஒரு காலி நாற்காலி போட்டுவைத்தார்கள். இப்படிப்பட்டவர், தன் ஹோம்ஸிடம் மட்டும் ஓர் ஆவியைக்கூட அண்டவிடவில்லை.

1924இல் வந்த ‘சசெக்ஸ் இரத்தக்காட்டேரி’ கதையைப் பாருங்கள். பெரு நாட்டிலிருந்து வந்த மனைவி தன் குழந்தையின் கழுத்தில் வாய் வைத்து இரத்தம் உறிஞ்சுவதைக் கண்டு வீடே அவளைக் காட்டேரி என்கிறது. அவள் உறிஞ்சியது விஷத்தை. மூத்த தாரத்து மகன் பொறாமையில் விஷ அம்பால் குழந்தையைக் குத்தியிருந்தான். அதைச் சொன்னால் கணவன் மனமுடைவான் என்று அவள் வாய் திறக்கவில்லை. அயல்தேசத்துப் பெண், அதனால் சந்தேகம் சுலபமாக ஒட்டிக்கொள்கிறது. ஹோம்ஸ் தடயத்தை வைத்து அவளை மீட்டார்.

தடயமே இல்லாவிட்டால்? என் பாட்டி சொன்ன திருவிளையாடல் கதைகளில் பழியஞ்சின படலம் இதைத்தான் கேட்கிறது. ஆலமரத்தில் எப்போதோ சிக்கியிருந்த அம்பு, காற்றில் விழுந்து கீழே படுத்திருந்த பெண்ணைக் கொல்கிறது. மரத்தின் மறுபுறம் ஒரு வேடன் இளைப்பாறிக்கொண்டிருக்கிறான். கையில் வில். வேறென்ன சாட்சி வேண்டும்? துன்புறுத்திக் கேட்டும் அவன் மறுக்கிறான். பாண்டியனுக்கு மனம் ஒப்பவில்லை. சொக்கநாதரிடம் முறையிடுகிறான். ஒரு கல்யாண வீட்டுக்குப் போகச் சொல்லி அசரீரி எழுகிறது. மாறுவேடத்தில் போனவன் காதில் எமதூதர்களின் பேச்சு விழுகிறது: அந்தப் பெண்ணை அம்பால் எடுத்ததுபோல, மாப்பிள்ளையை இன்று ஒரு மாட்டால் எடுப்போம். அப்படியே நடக்கிறது. வேடன் விடுதலையாகிறான். எனக்குத் தெரிந்த முதல் அமானுஷ்யத் துப்பறிவாளன் இந்தப் பாண்டியன்தான். பேயை ஓட்டுவதற்காக அவன் போகவில்லை, ஒரு நிரபராதியைத் தண்டித்துவிடுவோமோ என்று பயந்து போகிறான்.

டைலனிடம் வருகிறவர்களும் எல்லா வாசலும் தட்டிவிட்டு வருகிறவர்களே. போலீஸ் நம்பவில்லை, மருத்துவர் நம்பவில்லை. அவன் எல்லாரையும் நம்புவதில்லை, ஆனால் கதவைத் திறந்து முழுக்கக் கேட்கிறான். பல கதைகளில் அரக்கனைவிட அரக்கனைத் துரத்துகிறவர்களே பயங்கரமானவர்கள். 2011இல் அமெரிக்காவில் எடுத்த படம் அவனை நியூ ஆர்லியன்ஸுக்குக் கொண்டுபோய் வெறும் சண்டைக்காரன் ஆக்கியது. பார்க்க வேண்டாம்.

சில காலம் நான் இங்கே மொழிபெயர்ப்பு வேலை பார்த்தேன். அடைக்கலம் கேட்டு வந்த ஒருவரிடம் ஒருமுறை கேட்டார்கள்: இருட்டில் ஆட்கள் வருவது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? அவர் சொன்னார்: “நாய்கள் குரைக்கிறதை நிப்பாட்டிட்டுதுகள்.” நான் ஆங்கிலத்தில் சொன்னேன். மேசைக்கு அப்பால் இருந்தவர் நிமிர்ந்து பார்த்து, மறுபடி கேட்டார், எப்படித் தெரிந்தது? ஹோம்ஸின் புகழ்பெற்ற கதை ஒன்றில், குரைக்காத நாய்தான் தடயம். அதைச் சொல்ல எனக்கு அங்கே உரிமை கிடையாது. அதே வாக்கியத்தை இன்னொரு முறை மொழிபெயர்த்தேன்.