ஓப்பன் (ஆங்கில வினைச்சொல்)

ஓப்பன் என்பது ‘திற’ எனப் பொருள்படும் ஆங்கில வினை. வடிவம் மாறாமலே ‘திறந்திருக்கிற’ என்ற பெயரடையாகவும் வரும். கதவு, பெட்டி, குடை, வங்கிக் கணக்கு, கணினிக் கோப்பு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். விளக்குக்கும் மின்விசிறிக்கும் பொருந்தாது. அவற்றுக்கு ‘டர்ன் ஆன்’ அல்லது ‘ஸ்விட்ச் ஆன்’.

சீனமொழி பேசுவோர் இடறுவது இங்கேதான். மாண்டரினில் இதற்கு இணையான வினை ‘கை’. நம் கையைப் போலத்தான் ஒலிக்கும், ககரத்தில் மட்டும் மூச்சு கொஞ்சம் கூடும். கதவைத் திறப்பது, விளக்கைப் போடுவது, கார் ஓட்டுவது, கூட்டம் நடத்துவது, பூ மலர்வது, மருத்துவர் மருந்து எழுதித் தருவது அத்தனைக்கும் அந்த ஒரு சொல் போதும். அதனால் ‘ஓப்பன் த லைட்’ என்கிறார்கள். அணைக்க ‘குளோஸ் த லைட்’. சிங்கப்பூரில் 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே பயிற்றுமொழி. நல்ல ஆங்கிலம் பேசச் சொல்லி அரசு 2000இல் ஓர் இயக்கமே தொடங்கியது. ஆனாலும் அங்கே பேச்சில் இந்த வழக்கு கேட்கத்தான் செய்கிறது.

ஏற்காடு மலையில் நாகலூரில் தமிழ் பேசி வளரும் பிள்ளைக்கு இந்தப் பிழை வராது, வேறொன்று வரும். நாம் லைட்டைப் ‘போடு’கிறோம், ஊசியும் ‘போடு’கிறோம். ஆகவே ‘புட் த லைட்’, ‘புட் இன்ஜெக்‌ஷன்’.

இரு தரப்பாரும் சேர்ந்து தடுமாறும் இடம் ‘ஓப்பன்டு’. ‘கடை திறந்திருக்கிறது’ என்பதை ‘த ஷாப் இஸ் ஓப்பன்டு’ என்று எழுதுகிறார்கள். ‘இஸ் ஓப்பன்’ என்பதே சரி. பழியை முழுக்கக் கற்பவர் மேல் போட முடியாது. கடைப் பலகையின் ஒரு பக்கம் ‘ஓப்பன்’, மறுபக்கம் ‘குளோஸ்டு’ என்றிருந்தால் யாருக்குத்தான் குழப்பம் வராது? பழைய ஆங்கிலத்தில் ‘ஓப்பன்’ முதலில் பெயரடை. வினை அதிலிருந்து பிறந்தது. நிலையைச் சொல்ல அதற்கு விகுதி வேண்டியதில்லை. ‘குளோஸ்’ பிரெஞ்சு வழி வந்த வினை; மூடிக்கிடக்கும் நிலையைக் காட்ட விகுதி தேவை. நடந்த செயலைச் சொல்லும்போது ‘ஓப்பன்டு’ சரியே: ‘த ஷாப் ஓப்பன்டு அட் நைன்’.

பேச்சுத்தமிழ் இந்த வினையைத் தனியாக விடுவதில்லை. செய்பவர் இருந்தால் ‘அக்கவுண்ட் ஓப்பன் பண்ணு’, தானாக நடந்தால் ‘ஃபைல் ஓப்பன் ஆகல’. ‘திற’ என்ற நம் வினைக்கு இந்தப் பிரிவினையே கிடையாது: கதவும் திறந்தது, அவனும் கதவைத் திறந்தான்.