மரபா, சூழலா? ஒரு நூற்றாண்டு வழக்கு

"தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை" என்று ஒரு பழமொழி வழங்குகிறது. "பூவோடு சேர்ந்து நாரும் மணக்கும்" என்று மற்றொன்றும் வழங்குகிறது. முன்னது பிறப்பின் கட்சி. பின்னது வளர்ப்பின் கட்சி. ஒரே வீட்டில், ஒரே நாளில், ஒரே வாயால் இவ்விரண்டையும் நாம் சொல்வதுண்டு. எது அப்போது வசதியோ அது!

மனிதனின் அறிவும் குணமும் நடத்தையும் பெற்றோரிடமிருந்து வந்தவையா? அல்லது அவன் வாழும் சூழ்நிலை உண்டாக்கியவையா? இக்கேள்விக்கு விஞ்ஞானம் விடை தேடத் தொடங்கி 150 ஆண்டுகளுக்கு மேலாகிறது. பொறுமையான ஆராய்ச்சியால் நோய்கள் நீங்கிய கதை அந்த வரலாற்றில் உண்டு. அவசர முடிவால் ஆயிரக்கணக்கானோர் வதைபட்ட கதையும் உண்டு. இரண்டையும் இங்கே காண்போம்.

கால்ட்டன் தொடுத்த வழக்கு

பிரான்சிஸ் கால்ட்டன் (1822–1911) இங்கிலாந்து நாட்டு அறிஞர். பரிணாமக் கொள்கையைத் தந்த சார்லஸ் டார்வினுக்கு உறவினர். ஒருவருக்குத் தாய்வழியிலும் மற்றவருக்குத் தந்தைவழியிலும் பாட்டனார் ஒருவரே. 1869-இல் கால்ட்டன் ஒரு நூல் வெளியிட்டார். நீதிபதிகள், தளபதிகள், விஞ்ஞானிகள், கவிஞர்கள் எனப் புகழ் பெற்றோரின் குடும்பங்களை அதில் ஆராய்ந்தார். புகழ் பெற்றவரின் நெருங்கிய உறவினரிடையே புகழ் பெற்றவர்கள் மிகுதியாக இருப்பதைக் கண்டார். ஆகவே திறமை பிறவியிலேயே வருகிறது என்று முடிவு கட்டினார்.

இந்த வாதத்தில் உள்ள ஓட்டை உங்களுக்கே தெரிந்திருக்கும். நீதிபதியின் மகனுக்குத் தந்தையின் இரத்தம் மட்டுமா கிடைக்கிறது? தந்தையின் நூலகமும் நல்ல பள்ளியும் செல்வாக்கும் சேர்ந்தே கிடைக்கின்றன. இரண்டும் ஒரே வீட்டிலிருந்து வரும்போது, எது எதைச் செய்தது என்று எவ்வாறு பிரிப்பது?

கால்ட்டனும் இதனை உணராதவர் அல்லர். 1875-இல் அவர் இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். மரபையும் சூழலையும் பிரித்துப் பார்க்க இரட்டையர் உதவுவார்கள் என்ற அந்த யோசனை இன்றும் பயன்படுகிறது. ஆனால் அவர் அத்துடன் நிற்கவில்லை. கால்நடைகளை நாம் தேர்ந்தெடுத்து இனவிருத்தி செய்வது போல மனித இனத்தையும் மேம்படுத்தலாம் என்றார். 1883-இல் இதற்கு 'யூஜெனிக்ஸ்' என்று பெயரிட்டார். நாம் இதனை இனமேம்பாட்டியல் எனலாம். பெயர் இனிமையானது, விளைவு அப்படி இல்லை.

சோளமாவு சொன்ன சாட்சி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பெலாக்ரா என்ற நோய் பரவியது. தோல் வெடிக்கும், வயிற்றுப்போக்கு காணும், பிறகு மனம் பேதலிக்கும். சோர்வு, குழப்பம், பித்து என நடத்தையே மாறிவிடும். மனநோய் விடுதிகளில் இந்நோயாளிகள் ஏராளம். ஏழைக் குடும்பங்களில் தாய்க்கு வந்தது, மகளுக்கும் வந்தது. நோய் குடும்பம் குடும்பமாகச் சென்றது.

1914-இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை டாக்டர் ஜோசப் கோல்ட்பெர்கரை அங்கே அனுப்பியது. மனநோய் விடுதிகளிலும் அனாதை இல்லங்களிலும் அவர் ஒன்றைக் கவனித்தார். உள்ளே இருப்போருக்கு நோய் வருகிறது. அவர்களுடன் நாள் முழுவதும் பழகும் தாதியருக்கோ பணியாளருக்கோ வருவதில்லை. தொற்றுநோய்க்கு ஆள் பார்த்துப் பிடிக்கத் தெரியுமா? இரு சாராரின் தட்டையும் அவர் பார்த்தார். ஏழைகளின் தட்டில் மக்காச்சோள மாவு, சர்க்கரைப் பாகு, பன்றிக் கொழுப்பு. பாலும் இறைச்சியும் அரிது. அனாதை இல்லக் குழந்தைகளுக்குப் பால், முட்டை, இறைச்சி, பயறு கொடுத்தார். நோய் மறைந்தது.

1915-இல் மிஸ்ஸிஸிப்பி மாநிலச் சிறைப்பண்ணை ஒன்றில், விடுதலை தருவதாக ஆளுநர் வாக்களித்ததன் பேரில் முன்வந்த கைதிகளுக்கு அந்த ஏழை உணவையே கொடுத்தார். இன்று இத்தகைய சோதனைக்கு அனுமதி கிடைக்காது. 11 பேரில் 6 பேருக்குச் சில மாதங்களில் பெலாக்ரா கண்டது. அப்படியும் நம்பாதவர்களுக்காக, 1916-இல் அவரும் துணைவியாரும் உடன் பணியாற்றியோரும் நோயாளிகளின் இரத்தத்தைத் தம் உடலில் ஊசி மூலம் ஏற்றிக் கொண்டனர். ஒருவருக்கும் நோய் வரவில்லை.

ஆனால் அதே 1916-இல், அமெரிக்க இனமேம்பாட்டு ஆய்வகத்தின் தலைவர் சார்லஸ் டேவன்போர்ட், பெலாக்ராவில் மரபுக்கு முக்கியப் பங்கு உண்டு என்று அறிக்கை வெளியிட்டார். குடும்ப வரலாற்றுப் படங்களே அவர் காட்டிய சான்று. அப்படங்களில் பொய் இல்லை. நோய் குடும்பங்களில் சென்றது உண்மை. ஆனால் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வறுமையும் செல்லும் அல்லவா? வாக்குவாதம் நீண்டது. 1929-இல் கோல்ட்பெர்கர் காலமானார். 1937-இல் கான்ராட் எல்வெஜெம், நாய்களுக்கு வரும் இதையொத்த நோயை நிக்கோட்டினிக் அமிலம் குணப்படுத்துவதைக் கண்டார். நியாசின் என்ற பெயரில் இன்று நாம் அறியும் வைட்டமின் அதுவே. விரைவிலேயே மனிதர்களும் அதனால் குணமடைந்தனர். பரம்பரைக் குறை என்று பேசப்பட்டது ஒரு வைட்டமின் குறையே!

நீதிமன்றம் அளித்த தீர்ப்பு

டேவன்போர்ட்டின் கருத்து ஏட்டளவில் நின்றிருந்தால் நாம் அதனை மறந்து விடலாம். அது சட்டமாயிற்று. 1924-இல் வர்ஜீனியா மாநிலம், 'மந்த புத்தி உடையோர்' என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை அறுவை செய்யச் சட்டம் இயற்றியது. அதன்படி முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் கேரி பக் என்ற இளம்பெண். அவருடைய தாயும் விடுதியில் இருந்தார். கேரியின் கைக்குழந்தையோ, பிறந்து ஏழெட்டு மாதங்களிலேயே 'இயல்பாக இல்லை' என்று மதிப்பிடப்பட்டது. தாய், மகள், பேத்தி என மூன்று தலைமுறை ஆயிற்றே, இதைவிடச் சான்று வேண்டுமா?

1927 மே 2-ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்ற வாக்கில் அச்சட்டத்தை ஏற்றது. அறுவை நடந்தது. பிற்கால ஆராய்ச்சியில் வெளிவந்த உண்மைகள் இவை: கேரி பள்ளியில் ஒழுங்காகப் படித்தவர். வளர்ப்புக் குடும்பத்தின் உறவினன் ஒருவனின் வன்கொடுமையால் கருவுற்றதாக அவரே கூறியிருக்கிறார். 'இயல்பாக இல்லாத' அந்தக் குழந்தை 1931-இல் தன் பள்ளியின் சிறந்த மாணவர் பட்டியலில் இடம் பெற்றது. அடுத்த ஆண்டு 8 வயதில் நோயால் இறந்தது.

அமெரிக்காவில் இத்தகைய சட்டங்களால் 60,000-க்கும் மேற்பட்டோர் கருத்தடைக்கு ஆளாயினர். 1933-இல் ஹிட்லரின் ஜெர்மனி இயற்றிய இதையொத்த சட்டத்தின் கீழ் சுமார் 4 லட்சம் பேர்.

நார்வே நாட்டுத் தாய்

அப்படியானால் மரபுக்குப் பங்கே இல்லையா? உண்டு. அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

1934-இல் நார்வேயில் ஒரு தாய், அறிவு வளர்ச்சி குன்றிய தம் இரு குழந்தைகளுடன் டாக்டர் ஆஸ்பியோர்ன் ஃபோலிங்கிடம் வந்தார். பிறந்தபோது குழந்தைகள் நன்றாகவே இருந்தனர். அவர்களிடம் ஏதோ ஒரு விசித்திர வாடை வீசுவதையும் தாய் கூறினார். ஃபோலிங் வேதியியலும் கற்றவர். குழந்தைகளின் சிறுநீரில் ஃபெர்ரிக் குளோரைடு கரைசலைச் சேர்த்தார். அது பச்சை நிறமாயிற்று. ஆராய்ந்தபோது ஃபினைல்பைருவிக் அமிலம் என்ற பொருள் தென்பட்டது.

காரணம் பின்னர் தெளிவாயிற்று. நம் உணவிலுள்ள புரதத்தில் ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அதனை மாற்றியமைக்கும் நொதி கல்லீரலில் உண்டு. அந்த நொதிக்குரிய மரபணு, தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுபட்டே வந்துவிட்டால் ஃபினைல்அலனின் இரத்தத்தில் தேங்கி மூளையைக் கெடுக்கிறது. இது முழுக்க முழுக்கப் பரம்பரை நோயே.

பரம்பரை நோய் என்றால் தலைவிதி என்று விட்டுவிட வேண்டியதுதானா? இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் டாக்டர் ஹார்ஸ்ட் பிக்கெலும் உடன் பணியாற்றியோரும் அப்படி விடவில்லை. இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்கு ஃபினைல்அலனின் குறைந்த உணவைத் தயாரித்துக் கொடுத்தனர். நிற்கவும் முடியாமல், ஓயாமல் அழுது தலையை மோதிக் கொண்டிருந்த குழந்தை மெல்லத் தவழ்ந்தது, நின்றது. தலையை மோதுவதை நிறுத்தியது. இதனை 1953-இல் வெளியிட்டனர். 1960-களின் தொடக்கத்தில் ராபர்ட் கத்ரி, ஒரு துளி இரத்தத்தைக் கொண்டு பிறந்த சில நாட்களிலேயே இந்நோயைக் கண்டறியும் சோதனையை உருவாக்கினார். அப்போதே உணவை மாற்றினால் குழந்தை பிறரைப் போல வளர்ந்து படிக்கிறது. மரபணு மாறவில்லை, உணவுத் தட்டு மாறியது.

கொதிநிலை கற்பிக்கும் பாடம்

நான் இயற்பியல் கற்பிப்பவன். ஆகவே என் துறையிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். கடல் மட்டத்தில் நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது; 2,000 மீட்டர் உயர மலையில் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். இந்த 93 டிகிரியில் நீரின் பங்கு எத்தனை டிகிரி, காற்றழுத்தத்தின் பங்கு எத்தனை டிகிரி? கேள்வியே பொருந்தாது, இரண்டும் சேர்ந்தே கொதிநிலை.

இனி, ஒரே ஊரில் நீர், எதில் ஆல்கஹால், ஈதர் மூன்றையும் கொதிக்க வையுங்கள். முறையே 100, 78, 35 டிகிரி. வேறுபாடு முழுவதும் பொருளால் வந்தது. நீரை மட்டும் வெவ்வேறு உயரங்களில் கொதிக்க வையுங்கள். வேறுபாடு முழுவதும் அழுத்தத்தால் வந்தது. நீர் மாறவில்லை, நாம் ஒப்பிட்ட முறைதான் மாறியது.

மனிதரிடையே மரபின் பங்கு இத்தனை சதவிகிதம் என்று படிக்கும்போது இதனை நினைவில் கொள்ளுங்கள். ஐம்பது ஆண்டு இரட்டையர் ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2015-இல் வெளியான கணக்கு, எல்லாப் பண்புகளுக்கும் சராசரியாக 49 சதவிகிதம் என்றது. உங்கள் அறிவில் பாதி தாய் தந்தை தந்தது என்பது அதன் பொருளன்று. ஆராயப்பட்ட மக்களிடையே, அவர்கள் வாழ்ந்த சூழலில் காணப்பட்ட வேறுபாடுகளில் பாதிக்கு மரபு வேறுபாடு காரணம் என்பதே பொருள். சூழல் மாறினால் அந்த எண்ணும் மாறும். அறிவுக்கென்றோ கோபத்துக்கென்றோ தனி மரபணு ஒன்று இருப்பதாகவும் எண்ண வேண்டாம். ஆயிரக்கணக்கான மரபணு வேறுபாடுகள், ஒவ்வொன்றும் சிறிதளவே, இப்பண்புகளில் பங்கு கொள்கின்றன.

மாணவர்களே, "அவன் பரம்பரையே அப்படி, அவனுக்குப் படிப்பு ஏறாது" என்று யாரேனும் சொல்லக் கேட்டால் இரண்டு கேள்விகள் கேளுங்கள். குடும்பத்தில் தொடர்ந்து வருவதெல்லாம் மரபணுவில் வருவதுதானா? இல்லை என்பதற்குப் பெலாக்ரா சாட்சி. மரபணுவிலேயே வந்தாலும் மாற்ற முடியாததா? இல்லை என்பதற்கு அந்தப் பர்மிங்ஹாம் குழந்தை சாட்சி. இவ்விரு கேள்விகளையும் 1927-இல் அந்த நீதிமன்றத்தில் ஒருவர் உரக்கக் கேட்டு, நீதிபதிகளும் செவிசாய்த்திருந்தால், கேரி பக்கின் வாழ்வு வேறு விதமாக அமைந்திருக்கும்.